12 பழைய பட்டாளத் தீப்பெட்டிகள், 9,600 ரூபாய்: வாங்கும் முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

"இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவத் தீப்பெட்டிகள், குச்சியோடு, திறக்காதவை" என்று சொல்லி வெளியூர் வியாபாரி ஒருவர் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு 12 பெட்டிக்கு 9,600 ரூபாய் அனுப்பினேன். பெட்டி ஒன்றுக்கு 800. படத்தில் இருந்தது மேல்பக்கத்து லேபிள் மட்டும்தான். தீப்பெட்டிக்கு ஆறு பக்கம் உண்டு. அதன் வயதைச் சொல்வது பெரும்பாலும் மேல்பக்கம் அல்ல, மற்ற ஐந்தும் உள்ளே இருக்கும் அடிப்பெட்டியும்தான். இது எனக்கு அன்று தெரியாது, சொல்லித்தர சேலத்தில் யாரையும் நான் அறிந்திருக்கவும் இல்லை. இன்று யாராவது பழைய பெட்டி வாங்கப் போகிறேன் என்றால் முதலில் கேட்கச் சொல்வது இவற்றைத்தான்: ஆறு பக்கத்துக்கும் தனித்தனிப் படம், அடிப்பெட்டியை வெளியே இழுத்து வைத்து ஒரு படம், உரசுபட்டையின் கிட்டத்துப் படம், பெட்டியின் மேல் ஒட்டிய வரிச்சீட்டு இருந்தால் அதற்கு ஒரு படம். தர மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

முதல் அடி பார்சலிலேயே விழுந்தது. குச்சியோடு இருக்கும் தீப்பெட்டி எவ்வளவு பழையதாக இருந்தாலும் போக்குவரத்து விதிப்படி எளிதில் தீப்பற்றும் பொருள்தான், வகுப்பு 4.1. எங்கே உரசினாலும் பற்றும் வகையை விமானத்தில் எந்த விதத்திலும் கொண்டுபோக முடியாது. தபாலில் இவை தடை செய்யப்பட்டவை. ரயிலில் மூட்டைக்குள் வைத்துக்கொண்டு போனால் 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் பிரிவு 164இன்கீழ் மூன்று ஆண்டு வரை சிறை. அனுப்பியவர் "பேப்பர் பொருள்" என்று எழுதி கூரியரில் போட்டிருந்தார். சேலத்தில் வந்து இறங்கிய இடத்தில் பிடித்துவிட்டார்கள். குச்சிகளை எல்லாம் அங்கேயே அழித்தால் வெற்றுப் பெட்டிகளைத் தருகிறோம் என்றார்கள். அவர்கள் செய்தது சரி. ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து கொட்டினேன். அதில் ஒன்றின் மேல் குறுக்காக ஒரு மெல்லிய வரிச்சீட்டு ஒட்டியிருந்தது, கிழிக்காமல் திறக்க வழியில்லை. கட்டைவிரலால் கிழித்தேன். அந்த 12இல் உண்மையிலேயே போர்க்காலத்தைச் சேர்ந்தது அது ஒன்றுதான் என்றும், அதன் மதிப்பில் பெரும்பகுதி அந்தக் கிழியாத சீட்டில்தான் இருந்தது என்றும் பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அந்தக் கிழிசலைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. குச்சியோடு வேண்டுமென்றால் நேரில் போய், நேரில் பார்த்து, சாலை வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். தூரத்திலிருந்து வாங்கினால் வெற்றுப் பெட்டி, விலையும் வெற்றுப் பெட்டி விலை. விற்கிறவரிடம் இதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தபோதுதான் மிச்சமும் வெளிச்சமானது. மூன்று பெட்டியில் பக்கவாட்டில் பொடி எழுத்தில் விலை 6 ந.பை. என்று இருந்தது. நயா பைசா என்ற பெயர் 1957 ஏப்ரல் 1இல் தசம நாணயம் வந்தபோது வந்தது, 1964இல் 'நயா' கழன்றது. போர் முடிந்தது 1945இல். அணாக் கணக்கில் விலை போட்டிருந்தால்தான் அதற்கு முந்தைய காலத்தைப் பற்றிப் பேசவே முடியும். இரண்டு பெட்டியில் ராணுவக் கேன்டீனின் சி.எஸ்.டி. எழுத்து. அந்தத் துறை 1948இல்தான் தொடங்கியது. இன்னொன்றை "முதல் உலகப் போர்" என்று தனியே புகழ்ந்து சொல்லியிருந்தார்; அதில் இருந்தது நாஃபி என்கிற பிரிட்டிஷ் படைக் கேன்டீன் நிறுவனத்தின் பெயர். நாஃபி வேலையைத் தொடங்கியது 1921இல், முதல் போர் முடிந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு. பெட்டி அசல்தான், பட்டாளத்துப் பெட்டிதான், சொன்ன காலம்தான் பொய். அட்டையில் ஒரு நிறுவனத்தின் பெயரோ சுருக்கெழுத்தோ இருந்தால், அது தொடங்கிய ஆண்டைத் தேடுவதுதான் முதல் வேலை. பத்து நிமிடம் ஆகாது.

நான்கு பெட்டி உண்மையில் பெட்டியே அல்ல, அமெரிக்க மேட்ச்புக். அட்டையை மடித்துக் காகிதக் குச்சியைக் கம்பியால் தைத்திருக்கும் வகை. ராணுவப் பச்சை நிறம். ஈரமான பருவநிலைக்கென்றே செய்தவை, ஆனால் நனைந்தாலோ பல வாரம் ஈரக்காற்றில் கிடந்தாலோ பற்றாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். வியட்நாம் போர்க்காலம் தொடங்கி நெடுநாள் புழக்கத்தில் இருந்த சாதாரணச் சரக்கு இது. இதில் பார்க்க வேண்டியது உரசுபட்டை எந்தப் பக்கம் என்பதை. பழைய மேட்ச்புக்கில் அது முன்பக்கம், திறக்கும் வாயின் கீழேயே இருக்கும். பொறி தெறித்து மொத்தக் குச்சியும் பற்றிக்கொள்ளும் விபத்துகளால் 1970களில் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் அதைப் பின்பக்கத்துக்குத் தள்ளின. என்னிடம் வந்த நான்கிலும் பட்டை பின்பக்கம். இரண்டாம் உலகப் போர் என்பதற்கு வாய்ப்பே இல்லை.

பதினோராவது பெட்டிதான் திட்டமிட்ட ஏமாற்று. சாதாரணத் தீப்பெட்டியின் மேல் பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கான அம்புக்குறி முத்திரை. நகைக்கடையில் கல் பார்க்கும் 10 மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தால், பழைய எழுத்தச்சில் எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கி ஒரு கருத்த கோடு நிற்கும், தாளில் லேசான பள்ளம் தெரியும். கல்லச்சில் நிறம் சீராக, அல்லது கையால் வைத்த ஒழுங்கற்ற புள்ளிகளாக இருக்கும். இன்க்ஜெட் என்றால் ஓரத்தில் துளித்துளியாகச் சிதறியிருக்கும். இந்த அம்பு சிதறியிருந்தது. ரூபாய் நோட்டுச் சோதிக்கும் யூவி டார்ச், 365 நானோமீட்டர் வகை, இருட்டறையில் அடித்தபோது தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. தாளுக்கு வெளுப்பேற்றும் அந்த ரசாயனம் பரவலானது 1950களில்தான். பழைய தாள் மங்கிய மஞ்சளாகவோ பழுப்பாகவோதான் தெரியும். ஒன்று கவனியுங்கள்: சலவைத்தூள் பட்ட துணியில் துடைத்த பழைய தாளும் அங்கங்கே ஒளிரும். முழுத் தாளும் ஒரே சீராக ஒளிர்ந்தால்தான் சந்தேகம் வலுப்படும்.

மிஞ்சியது அந்த வரிச்சீட்டுப் பெட்டி. 1934இல் தீக்குச்சிக்குக் கலால் வரிச் சட்டம் வந்தபோது, வரி கட்டியதற்கு அடையாளமாகப் பாண்டரோல் என்ற சீட்டை ஒட்டும் முறை வந்தது. பெட்டிக்கு 40, 60, 80 குச்சி என்று கணக்கு வைத்து வரி. ஆகவே பாண்டரோல் ஒட்டிய இந்தியப் பெட்டி 1934க்கு முந்தையதாக இருக்க முடியாது. அதற்கும் பின்னால் போனால், சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து தொடங்கியது 1923இல். வெளிநாட்டு மூலதனத்தில் விம்கோ தீப்பெட்டி நிறுவனம் வந்ததும் அதே 1923இல். அதற்கு முன் நம் ஊர்ச் சிப்பாய் உரசிய குச்சி பெரும்பாலும் சுவீடனிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ கப்பலில் வந்தது. முதல் போர்க்காலத்தில் சுவீடன் சரக்கு குறைந்து ஜப்பான் சரக்கு நிறைந்தது. எனவே 1915ஆம் ஆண்டுச் சிவகாசிப் பெட்டி என்று யாராவது நீட்டினால் கையில் வாங்கவே தேவையில்லை.

ஏற்காட்டில் வீடு. இதுதான் அடுத்த நஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் உப்பு ஜாடி தானாகத் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்த ஜாடியே ஈரமானி. 12 பெட்டியையும், அதற்கு முன் சில்லறையாகச் சேர்த்திருந்த லேபிள்களையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பத்திரம் என்று நம்பி மூடினேன். மழைக்காலத்தில் மூடினால் உள்ளே அடைபடுவதும் மழைக்காலக் காற்றுதான். தை பிறந்து திறந்தபோது 27 லேபிளில் பூஞ்சை, பெட்டிகளின் உரசுபட்டை ஓரத்தில் பழுப்பாக ஒரு கசிவு. பட்டையில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித்தூளும் பசையும். பாஸ்பரஸ் ஈரக்காற்றில் மெல்ல மெல்லப் பாஸ்பாரிக் அமிலமாக மாறும், அந்த அமிலம் மேலும் ஈரத்தை இழுக்கும், பக்கத்துத் தாளைத் தின்னும். பட்டைக்கு ஒட்டிய லேபிள் ஓரம் மட்டும் முதலில் நொறுங்குவதற்கு இதுதான் காரணம். குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். இவை அமிலத்தோடு சேர்ந்தால் நிலைகெட்டுப் போகும். அதனால் முழுப் பெட்டி வைத்திருப்பவர்கள் குச்சியைப் பட்டையோடு உரசும்படி அடைக்கக் கூடாது, உதிர்ந்த மருந்தைச் சுரண்டிச் சேர்த்து வைக்கவே கூடாது. 1913க்கு முந்தைய, எங்கே உரசினாலும் பற்றும் குச்சி என்றால் வெள்ளைப் பாஸ்பரஸாக இருக்கலாம். தாடை எலும்பை அரித்த விஷம் அது. பிரிட்டன் 1908 சட்டத்தாலும் இந்தியா 1913 சட்டத்தாலும் அதைத் தடை செய்தன. அந்த வகையைத் திறக்க வேண்டாம்.

இப்போது செய்வது இது. லேபிள்கள் பாலியெஸ்டர் உறையில், பி.வி.சி. உறை மையை இழுத்து ஒட்டிக்கொள்ளும். பத்து லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல். ஈரம் குடித்தால் பச்சையாகும், 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சு. நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் வீட்டில் வேண்டாம். உள்ளே சின்ன ஈரமானி ஒன்று, 45இலிருந்து 55 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். டப்பாவை மூடுவது மாசி, பங்குனி வெயிலில். குச்சியோடு இருக்கும் பெட்டி எதுவானாலும் தனியே ஒரு தகர டப்பாவில், மூடி இறுகாமல், சமையலறைக்கும் தகரக் கூரைக்கும் எட்டத்தில்.

லேபிளைக் கழற்றுவதிலும் இரண்டை இழந்தேன். மரச்சீவலால் செய்த பெட்டியில் காகித லேபிள் மைதாப் பசையால் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து முதல் முப்பது நிமிடம் மிதக்கவிட்டால் தானே வழுக்கி வரும். அதற்கு முன் ஈரப்பஞ்சால் மூலையைத் தொட்டுப் பாருங்கள், பஞ்சு சிவந்தால் அந்தச் சாயம் ஓடும், விட்டுவிடுங்கள். அட்டையிலேயே நேரடியாக அச்சடித்த பெட்டியை ஊறவைக்கவே கூடாது. காயவைக்க வெள்ளைப் பிளாட்டிங் தாள் இரண்டுக்கு நடுவில், மேலே கனமான புத்தகம். செய்தித்தாளில் வைத்தால் அச்சு மை ஏறும், இஸ்திரி போட்டால் சாயம் தட்டையாகிப் பளபளக்கும். பின்புறம் மிஞ்சிய மைதாப் பசையை முழுக்கக் கழுவாவிட்டால் இராமபாணப் பூச்சி தேடி வரும்.

வெஸ்டா டப்பா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெஸ்டா என்பது மெழுகுக் குச்சி, அதைப் பையில் வைத்துக்கொள்ளும் உலோக டப்பா படை அதிகாரிகளிடமும் இருந்தது. அடியில் வரிவரியாக உரசும் பள்ளம் இருக்கும். படைப்பிரிவுச் சின்னம் பொறித்த வெள்ளி என்று 6,500 கொடுத்தேன். செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே டச் பார்க்கும் கடையில் உரைகல்லில் இழுத்ததும் வெள்ளியே இல்லை என்றார்கள், நிக்கல் கலவைமேல் முலாம். மூடியின் உள்விளிம்பில் அந்த முலாமைக் குறிக்கும் ஈ.பி.என்.எஸ். எழுத்தே இருந்தது, நான் படித்திருக்கவில்லை. உண்மையான ஆங்கில வெள்ளியில் நடக்கும் சிங்கம், ஊர் முத்திரை, ஆண்டெழுத்து, செய்தவர் எழுத்து எல்லாம் இருக்கும், பர்மிங்ஹாமுக்கு நங்கூரம். சின்னத்தைப் பிற்பாடு பற்றவைத்திருந்தால் மூடியின் உள்பக்கம் சூடுபட்ட வட்டம் தெரியும். சேலத்தில் இருப்பவர்கள் வாங்கும் முன்பே டச் பார்த்துவிடலாம், அந்த வசதி எல்லா ஊருக்கும் கிடையாது.

பணம் போனது ஒரு பக்கம். சொல்லில் பட்டதுதான் எனக்குப் பெரிய பாடம். ஒரு பள்ளிக் கண்காட்சியில் இவற்றை வைக்க விளக்க அட்டை அச்சடித்தேன், 1,750 ரூபாய். மூன்று செய்தி எழுதியிருந்தேன்: தீக்குச்சிக்கு லூசிஃபர் என்ற பெயரை முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சிப்பாய்கள் வைத்தார்கள், காங்கிரீவ் என்ற பழைய வகைத் தீக்குச்சியைக் காங்கிரீவ் என்ற ராணுவக்காரர் கண்டுபிடித்தார், வத்திக்குச்சி என்பது வற்றிய குச்சி, அதாவது காய்ந்த குச்சி. அஸ்தம்பட்டியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, ஊதுவத்தி?"

"அதுவும் காய்ந்த குச்சிதானே ஐயா."

"சரி, மெழுகுவத்தி? அது எங்க வத்துச்சு?"

எனக்குப் பதில் இல்லை. அவரே சொன்னார்: "வர்த்தி, தம்பி. விளக்குத் திரி. வடமொழி. நடுவுல இருக்கற ரகரம் தேய்ஞ்சு வத்தி ஆச்சு. வற்றியும் பேச்சுல வத்தின்னுதான் ஆகும், அதான் ஏமாத்துது." சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பார்க்கச் சொன்னார். அந்த அகராதியும், 1862இல் வந்த வின்சுலோ அகராதியும், 1779இல் முதலில் அச்சான பெப்ரீசியஸ் அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. அன்றிரவு பார்த்தேன். பிறகு ஆங்கில மேட்ச் எங்கிருந்து வந்தது என்றும் பார்த்தேன். பழைய பிரெஞ்சு மெய்ஷ். பொருள், விளக்குத் திரி! வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்த கயிறு மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும், அதைத் துப்பாக்கியின் மருந்தில் அமுக்கிச் சுட்டார்கள். அந்தத் திரிக்கும் மேட்ச் என்றுதான் பெயர், மேட்ச்லாக் துப்பாக்கி அதனால்தான். உரசும் குச்சி வருவதற்கு முன்பே, கந்தகம் தோய்த்து நெருப்பிலிருந்து பற்றவைத்துக்கொள்ளும் குச்சிக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பாராமல், திரியின் பெயரையே குச்சிக்கு வைத்திருக்கின்றன. நான் எழுதிய காய்ந்த குச்சியைவிட இது எத்தனை அழகு.

மற்ற இரண்டையும் ஆண்டை வைத்தே உடைக்கலாம். உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் ஜான் வாக்கர் விற்கத் தொடங்கியது 1827இல். அதைப் பின்பற்றி லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் செய்து லூசிஃபர் என்று பெயரிட்டு விற்றது அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக்குள். லத்தீனில் ஒளி கொண்டுவருவது என்று பொருள். பதுங்குகுழிப் போருக்கு எண்பது ஆண்டு முந்தையது. சிப்பாய்கள் அந்தப் பழம்பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். டச்சு மொழியில் இன்றும் தீக்குச்சிக்கு லூசிஃபர்தான். வில்லியம் காங்கிரீவ் இறந்தது 1828இல். அவர் புகழ் ராக்கெட்டில். சீறிக்கொண்டு எரிந்த புதுக் குச்சிக்கு வியாபாரிகள் அவர் பெயரை ஒட்டினார்கள். அந்த ராக்கெட்டுக்கு முன்மாதிரி 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிடிபட்ட மைசூர் இரும்புக்குழல் ராக்கெட்டுகள். 1792 வரை சேலமும், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகாலும் அந்த மைசூர் ஆட்சிக்குள் இருந்தவை. இந்த இணைப்பு என் அட்டையில் இருந்திருக்க வேண்டும், இல்லாத கதையை எழுதி இருந்த கதையை விட்டிருந்தேன்.

இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நோட்டில் மூன்று ஆண்டு எழுதுகிறேன்: பொருள் வந்த ஆண்டு, சொல் அச்சில் கிடைக்கும் பழைய ஆண்டு, கதை நடந்ததாகச் சொல்லும் ஆண்டு. கதையின் ஆண்டுக்கு முன்பே சொல் அச்சில் இருந்தால் கதையை அடித்துவிடுகிறேன். பிறகு அதே சொல் வேறு எந்தக் கூட்டில் வருகிறது என்று பார்க்கிறேன், மெழுகுவத்தி மாதிரி. இந்தியில் மாச்சிஸ் என்றால் ஒரே பெட்டி, ஆனால் சொல்லுக்குள் இருப்பது மேட்சஸ் என்ற ஆங்கிலப் பன்மை. ராணுவப் பயிற்சிக்குச் சொல்லும் கவாத்து உருதுவின் கவாயித், விதிமுறை. ஏற்காட்டில் காப்பிச் செடியைக் கழிப்பதற்கும் கவாத்து என்றே சொல்கிறோம். ஒலி ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒரே வேரில் நான் கட்டமாட்டேன், அச்சில் சான்று கையில் கிடைக்கும்வரை இரண்டும் தனித்தனிப் பக்கத்தில்.

அட்டையைத் திருத்தி அச்சடித்து ஐயாவுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழிந்த பாண்டரோலையும் அவரிடம் காட்டினேன். அதை ஒட்டிச் சேர்க்கவில்லை. இரண்டு துண்டும் கிழிந்த ஓரம் பொருந்தும்படி ஒரே உறையில் இருக்கின்றன, பின்னால் கிழிந்த தேதியையும் கிழித்த காரணத்தையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.